ஒரே நாளில் ஆகாத காரியங்கள்

(மாதர் குழுக்களும் இளைஞர் கழகங்களும் கூடும்போது ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கான பாடம்)



குவாத்தமாலா புல்லைத் தெரியாதவர்கள் தோட்டத்தில் இருக்க மாட்டார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிப் போட்ட மலையில் உடனே புதுக் கன்று வைக்க மாட்டார்கள். முதலில் இந்தப் புல்லைத்தான் நடுவார்கள். அது ஆள் உயரம் வளரும். வெட்டி அங்கேயே போடுவார்கள், மறுபடி வளரும், மறுபடி வெட்டிப் போடுவார்கள். இப்படி ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் போகும். அத்தனை நாளும் அந்த மலையிலிருந்து ஒரு கிலோ கொழுந்துகூட வராது. சின்னப் பிள்ளைகள் பார்த்தால், "ஏம்மா, இந்த மலையைச் சும்மா போட்டு வச்சிருக்காங்க?" என்று கேட்பார்கள்.

சும்மா போட்டு வைக்கவில்லை. தேயிலை பல வருஷம் நின்று களைத்துப்போன மண்ணுக்கு உரமும் உயிரும் திரும்ப அவ்வளவு காலம் வேண்டும். அதற்குப் பிறகுதான் நாற்றுமேடையில் ஏறக்குறைய ஒரு வருஷம் பையில் வளர்ந்த கன்று மலைக்குப் போகும். அதை வெட்டி, வளைத்து, படரவிட்டு, ஒழுங்காகக் கொழுந்து எடுக்கிற நிலைக்குக் கொண்டுவர இன்னும் இரண்டு மூன்று வருஷம். ஆக, பழைய மரத்தைப் பிடுங்கிய நாளிலிருந்து கூடை நிறைகிற நாள் வரைக்கும் ஐந்து வருஷத்துக்குக் கிட்ட ஆகிவிடும். இதை அவசரப்படுத்த முடியுமா? புல்லு வேண்டாம், நேரே கன்றை வை என்று சொல்லலாம். கன்றும் நிற்கும். நாலாம் வருஷத்தில் பார்த்தால் அங்கொன்று இங்கொன்றாகக் காய்ந்துபோய், மலை சொட்டை விழுந்து கிடக்கும்.

இலங்கையில் 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் காலத்திலிருந்து இந்த வேலையைச் செய்கிறவர்கள் நம் ஆட்கள்தான். மரத்துக்குப் பொறுமை வேண்டும் என்பதை நமக்கு வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மலையில் இருக்கிற அந்தப் பொறுமை, லயத்துக்குத் திரும்பி வந்ததும் எங்கே போகிறது? கடன் என்றால் ஒரே அடியில் தீர வேண்டும். பிள்ளை பரீட்சையில் பாஸாக வேண்டும் என்றால் மூன்று மாத டியூஷன். உடம்பு சோர்ந்தால் ஒரு ஊசி. குடியை விட வேண்டுமென்றால் கோயிலில் ஒரு சத்தியம். இந்தப் பாடத்தில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். கடனைப் பற்றித்தான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் பிடித்து இழுப்பது அதுதானே.

வட்டிக்கு மேலே ஒரு நூறு ரூபா

நம் முன்னோருக்கும் கடனுக்கும் உள்ள உறவு பழையது. பெரிய கங்காணியிடம் வாங்கிய முற்பணத்தோடுதான் பலர் இந்த நாட்டில் கால் வைத்தார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய காகிதம் அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். ஆளும் போவார், கடனும் கூடவே போகும். 1921-இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். காகிதம் ஒழிந்தது. கடன் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு இன்றைக்கும் வாசலில் நிற்கிறது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். கூட்டத்தில் ஒரு பிள்ளையிடம் கொப்பியும் பென்சிலும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வீட்டில் 10,000 ரூபா கடன் வாங்குகிறார்கள். வட்டி நூற்றுக்குப் பத்து, அதுவும் மாசத்துக்கு. பலரும் இதைச் சின்ன வட்டி என்று நினைக்கிறார்கள். "பத்து பர்சன்ட்தானே, பேங்க்கிலயும் அதுக்கு மேல கேட்கிறானே" என்கிறார்கள். பேங்க் சொல்வது ஒரு வருஷத்துக்கு. இவர் சொல்வது ஒரு மாசத்துக்கு. வருஷத்துக்குப் பார்த்தால் நூற்றுக்கு நூற்றிருபது! மாசத்துக்கு ஐந்து வட்டி என்றாலும் வருஷத்துக்கு அறுபது. வட்டி எவ்வளவு என்று கேட்டால் போதாது, எவ்வளவு காலத்துக்கு என்றும் கேட்க வேண்டும்.

சரி. மாசம் 1,000 ரூபா வட்டியை மட்டும் கட்டி வருகிறார்கள். பன்னிரண்டு மாசத்தில் 12,000 ரூபா கொடுத்தாகிவிட்டது. கடன் எவ்வளவு மிச்சம்? அதே 10,000. இரண்டு வருஷம் கட்டினால் 24,000 போயிருக்கும், கடன் அப்படியே நிற்கும். பத்து வருஷம் கட்டினாலும் அதே கதைதான். இப்படி எத்தனை வீட்டில் அப்பன் வாங்கியதை மகன் கட்டிக்கொண்டிருக்கிறான்!

இப்போது வட்டிக்கு மேலே 500 ரூபா சேர்த்து, மாசம் 1,500 கட்டுவதாக வைப்போம். முதல் மாசம் 1,000 வட்டிக்குப் போகும், 500 முதலில் கழியும். மிச்சம் 9,500. அடுத்த மாசம் வட்டி 950-தான். ஆகவே முதலில் 550 கழியும். மிச்சம் 8,950. மூன்றாம் மாசம் வட்டி 895, முதலில் 605 கழியும். கவனித்துப் பாருங்கள். நாம் கட்டுவது அதே 1,500. ஆனால் ஒவ்வொரு மாசமும் வட்டி குறைகிறது, முதலில் கழிவது கூடுகிறது. ஆறு மாசம் முடிகிறபோது மிச்சம் ஏறக்குறைய 6,142. பதினோராம் மாசம் முடிகிறபோது 734. பன்னிரண்டாம் மாசம் 808 ரூபாவோடு கடன் தீர்ந்தது. மொத்தம் கொடுத்தது 17,308.

"மாசம் ஐந்நூறு எங்ககிட்ட ஏது? நூறு ரூபாதான் முடியும்" என்று சொல்கிற அக்காமார் இருப்பார்கள். நல்லது, நூறு ரூபாவுக்கும் கணக்குப் போடுவோம். மாசம் 1,100 கட்டினால் முதல் மாசம் கழிவது வெறும் 100. இரண்டாம் மாசம் 110. மூன்றாம் மாசம் 121. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இதுவும் நிற்காமல் போனால் 26-ஆம் மாசத்தில் கடன் முடிகிறது. கடைசி மாசம் கட்ட வேண்டியது 182 ரூபாதான். வட்டி மட்டும் கட்டினவர் அதே 26 மாசத்தில் 26,000 கொடுத்துவிட்டு இன்னும் 10,000 கடனோடு நிற்பார். இவர் மொத்தம் 27,682 கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மாசம் ஒரு நூறு ரூபா.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கடன் கொடுத்தவர்களில் சிலர், "முதலைத் துண்டு துண்டாக வாங்க மாட்டேன், கொடுத்தால் மொத்தமாகக் கொடு" என்பார்கள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது மேலே உள்ள கணக்கைப் பார்த்தாலே புரியும். அப்படிப்பட்டவரிடம் வாங்கியிருந்தால், அந்த 500-ஐ மாசாமாசம் பேங்க் புத்தகத்தில் போட்டு வாருங்கள். இருபது மாசத்தில் 10,000 சேரும். அன்றைக்கு ஒரு சாட்சியோடு போய் மொத்தத்தையும் கொடுத்து, எழுதிக் கொடுத்த காகிதத்தைத் திருப்பி வாங்குங்கள். வீட்டில் நகை இருந்தால், தெரிந்த பேங்க்கில் அடகு வைத்து மாசவட்டிக் கடனை அடைத்துவிட்டு, பேங்க்கின் வருஷவட்டிக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதும் ஒரு வழி. நகை போய்விடுமே என்று பயப்படுவது நியாயம். ஆனால் அடகுச் சீட்டில் தேதி இருக்கிறது, வட்டி எழுதியிருக்கிறது. வாய்க்கணக்கில் அது இல்லை. இனிமேல் கடன் வாங்குவதானால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: "முதலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பீங்களா?" மாட்டேன் என்றால் அந்த வாசலை விட்டு இறங்குங்கள். சில இடங்களில் பேங்க் கார்டையே பிடித்து வைத்துக்கொண்டு கடன் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். கார்டைக் கொடுத்தால் சம்பளத்தையே கொடுத்த மாதிரி. எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதுதான் இப்போது நடக்கிற பெரிய "அவசர வைத்தியம்". வாரக்கடன் கொடுக்கிறவர்கள் வந்து பெண்களைக் குழுவாக உட்காரவைத்துப் பணம் கொடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு கம்பனி, வெள்ளிக்கிழமை இன்னொரு கம்பனி. முதல் கம்பனியின் தவணைக்கு இரண்டாம் கம்பனியின் பணம் போகிறது. 2016-இல் நுண்நிதிச் சட்டம் ஒன்று வந்தது. சட்டம் வந்தாலும் கையெழுத்துப் போடுகிற கை நம்முடையது. குழுவில் ஒரு தங்கச்சி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதையும், அதனால் அக்கா தங்கச்சியாகப் பழகினவர்கள் முகம் பார்க்காமல் போனதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சீட்டைப் பற்றியும் கேட்பீர்கள். பத்துப் பேர் மாசம் 1,000 போட்டு, முறைக்கு ஒருவர் 10,000 எடுக்கிற சீட்டு நல்ல பழக்கம்தான், நம்பிக்கையானவர் பிடித்தால். ஆனால் முதல் சீட்டை எடுக்கிறவருக்கு அது கடன், கடைசிச் சீட்டை எடுக்கிறவருக்கு அது சேமிப்பு. கடைசிச் சீட்டுக்குப் பெயர் கொடுக்க யாரும் முந்துவதில்லை! தீபாவளி முற்பணமும் அப்படித்தான். வாங்குகிற அன்றைக்குக் கை நிறைய இருக்கும், பிறகு மாசாமாசம் சம்பளத்துண்டில் கழியும். பண்டிகைக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். முற்பணத்தில் உடுப்பு வாங்கியது எவ்வளவு, வேறு வழியில் போனது எவ்வளவு என்று ஒரு தரம் எழுதிப் பார்த்தால் போதும்.

லொத்தர் சீட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. நாளைக்கு 40 ரூபா என்று வைத்தால் வருஷத்துக்கு 14,600 ரூபா. மேலே சொன்ன கடனுக்கு அது போதும் போதும்.

பிள்ளைகளின் படிப்பு

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாசம் இருக்கும்போது டவுனுக்கு டியூஷன் அனுப்புகிறோம். பஸ் காசு, டியூஷன் காசு, நோட்ஸ் காசு என்று இருப்பதெல்லாம் கரைகிறது. ரிசல்ட் வரும்போது கணக்கில் பெயில். பிள்ளைக்கும் ஏச்சு, வாத்தியாருக்கும் ஏச்சு.

அந்தப் பிள்ளை எங்கே விழுந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால், பத்தாம் வகுப்பில் விழவில்லை, நாலாம் வகுப்பில் விழுந்திருக்கும். ஏழாம் வாய்ப்பாடு சரியாக வராத பிள்ளைக்குப் பின்னம் வராது. பின்னம் வராத பிள்ளைக்கு வீதம் வராது, அட்சரகணிதம் வராது. கணக்கு என்பது படிக்கட்டு. நடுவில் இரண்டு படி இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையும் தாண்டித்தான் போக வேண்டும். எல்லாராலும் தாண்ட முடியாது. மூன்று மாசத்தில் வாத்தியார் மேல்படியைத்தான் காட்டுவார். கீழே உடைந்த படியைக் கட்ட அவருக்கு நேரமில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நிறையச் செய்ய முடியும். சோறு வேகிற நேரத்தில், "வாய்ப்பாட்டைச் சொல்லு, கேட்கிறேன்" என்று சொல்ல முடியும். சரியா பிழையா என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை தடுக்குகிற இடம் காதுக்குத் தெரியும். தடுக்கினால் "அதை நாளைக்கும் சொல்லு" என்றால் போதும். இருபது நிமிஷம், அவ்வளவுதான். ஆனால் தினமும்.

சொற்களுக்கும் அதே வழி. நாளைக்கு ஐந்து சொல், வாரத்தில் ஐந்து நாள். சிங்களமோ இங்கிலீஷோ, எதுவானாலும் சரி. வருஷத்துக்கு 1,300 சொல் ஆகிறது. பாதி மறந்துபோனாலும் 650 சொல் மிஞ்சும். "முப்பது நாளில் இங்கிலீஷ்" என்ற புத்தகம் பல வீட்டு அலுமாரியில் பத்தாம் பக்கத்தோடு நிற்கிறது. முப்பது நாளில் முடியாததற்குப் பிள்ளையைக் குறைசொல்ல முடியாது.

பெரியவர்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. தமிழில் 247 எழுத்து என்றதும் மலைத்துப்போகிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. மற்ற 216-உம் இவை சேர்ந்து பிறப்பவை. கொம்பு, கால், சுழி எங்கே வரும் என்று பிடிபட்டால் பெரும்பாலானவை தானாக வரும். சம்பளத்துண்டில் தன் பெயரையும் அடியில் உள்ள மொத்தத் தொகையையும் தானே வாசிக்கிற அளவுக்கு வந்தாலே, கைநாட்டு வைக்கிற இடத்தில் ஒருவர் நிமிர்ந்து நிற்கலாம். அதற்குப் பெரிய வகுப்பு வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பேத்தி போதும். சொல்லிக் கொடுக்கிற பேத்திக்கும் எழுத்து உறுதியாகும்.

ஊசி போட்டால் தெம்பு வருமா?

கொழுந்தெடுக்கிற அக்காமாரில் பலருக்கு ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், கண்ணுக்குக் கீழே வெளுத்திருக்கும். ரத்தக்குறைவு. "ஒரு சேலைன் ஏத்துங்க டொக்டர், தெம்பா இருக்கும்" என்று கேட்கிறோம். சேலைன் உப்புத் தண்ணீர். உடம்பில் நீர் வற்றிப்போனவருக்கு அது மருந்துதான். ரத்தக்குறைவுக்கு அது ஒன்றும் செய்யாது. பாட்டில் இறங்குகிற நேரம் படுத்திருந்தோமே, அந்த ஓய்வுதான் தெம்பாகத் தெரிகிறது.

ரத்தம் ஊறுவது மெதுவான வேலை. டொக்டரோ மருத்துவ மாதுவோ கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் சில வாரத்தில் சோர்வு குறையும். இந்த இடத்தில்தான் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். "இப்ப நல்லாயிருக்கே!" ரத்தம் ஏறிவிட்டாலும் உடம்பின் சேமிப்புப் பெட்டி இன்னும் காலிதான். அது நிரம்ப மேலும் சில மாசம் போட வேண்டும் என்று சொல்வார்கள். சொன்ன வரைக்கும் போட வேண்டும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது மாத்திரையின் நிறம்தான். வயிற்றைப் புரட்டினால் மாத்திரையைத் தூக்கி எறியாமல் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

இன்னொன்று. நாம் வளர்க்கிற தேயிலையே இதில் நமக்கு எதிரி! சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேத்தண்ணி குடித்தால், அதிலுள்ள துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது விட்டுக் குடியுங்கள். மாத்திரையைத் தண்ணீரில் போடுங்கள். கூடவே கொஞ்சம் தேசிக்காய்ச் சாறோ கொய்யாப்பழமோ இருந்தால் சத்து நன்றாகச் சேரும். செருப்புப் போடாமல் ஈரமண்ணில் நடந்தால் கொக்கிப்புழு காலால் ஏறி ரத்தத்தைக் குடிக்கும். மாத்திரையால் வருவது அந்த வழியில் போய்விடும். லயத்தடியில் நாலு வரிசை கீரை போட்டால் அதுவும் உதவும். இவை எல்லாமே ஒரு ஊசியைவிடச் சின்ன வேலைகள்.

எல்லாவற்றுக்கும் மெதுவாகப் போகலாம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணிக்கு ரத்தம் பட்டால், பிள்ளைக்குக் காய்ச்சலோடு மூச்சு இழுத்தால், பாம்பு கடித்தால், நெஞ்சு அடைத்தால் அன்றைக்கு லொறியோ வேனோ எது கிடைக்கிறதோ அதில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே பொறுமை ஆளைக் கொன்றுவிடும்.

குடியைப் பற்றிக் கொஞ்சம்

இதைப் பெண்கள் மட்டும் கேட்டால் பிரயோசனமில்லை, அண்ணன்மாரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

மாலை போட்ட காலத்தில் குடிக்காமல் இருக்கிற ஆளை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கலாம். அந்த நாட்களில் வீட்டில் காசு மிஞ்சும், பிள்ளைகள் பயமில்லாமல் தூங்கும். மாலையைக் கழற்றின அன்றைக்கே மறுபடி தொடங்கிவிடுவார். "பாரு, இவன் எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிக் கைவிட்டுவிடுகிறோம். எங்கள் எண்ணம் வேறு. அத்தனை நாள் இருந்தவருக்கு இருக்கத் தெரியும். அவருக்குத் தெரியாதது, மாலை இல்லாத நாளில் அந்த மாலை நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான். சம்பள நாளில் டவுனுக்குத் தனியே போகாமல் மனைவியோடு போவது, குடிக்கிற கூட்டாளிகள் நிற்கிற முடக்கைத் தவிர்த்து வேறு பாதையில் வருவது, வேலை முடிந்ததும் உடனே வயிறாரச் சாப்பிடுவது என்று ஒவ்வொன்றாகப் பழக்கம் மாற வேண்டும். ஒரு நாள் சறுக்கினால் அதோடு எல்லாம் போச்சு என்று முழுக்க விழ வேண்டியதுமில்லை. பத்து நாள் நின்றவர் அடுத்த தடவை இருபது நாள் நிற்பார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பல வருஷமாகத் தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்புக்கூட வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இப்படிப்பட்டவர் நிறுத்துவதற்கு முன்பே டொக்டரிடம் பேசுவது நல்லது. அதற்கு மருந்து இருக்கிறது.

தாமதம் வேறு, மெதுவான வேலை வேறு

இளைஞர்கள் கோபப்படுவார்கள். "சிறுகச் சிறுகச் சேர் என்று எங்களுக்குச் சொல்றீங்க. சம்பளம் கூடாமல் எதைச் சேர்ப்பது?" நியாயமான கேள்வி. சம்பளம், வீடு, காணி என்பவை ஒரு வீட்டார் நூறு ரூபா மிச்சம் பிடித்துத் தீர்க்கிற விஷயங்கள் அல்ல. அவற்றைக் கூடிப் பேசித்தான் வாங்க வேண்டும். 1948-இல் பறித்த குடியுரிமைக்கு முழுத் தீர்வாக ஒரு சட்டம் வருவதற்கு 2003 ஆயிற்று. ஐம்பத்தைந்து வருஷம்! அதை யாராவது "மெதுவான முன்னேற்றம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது தாமதம். புல்லு நட்ட மலையில் மண்ணுக்குள்ளே தினமும் வேலை நடக்கிறது. கைவிட்ட மலையிலும் புல்லு வளரும், மண் மட்டும் கழுவிக்கொண்டு போகும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

மெதுவாகச் சேர்கிற ஒன்று ஏற்கனவே நம் ஒவ்வொருவர் பெயரிலும் இருக்கிறது. 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டும், தோட்டத்திலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டும் போகிறது. 1980-இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் மேலும் மூன்று கட்டுகிறது. அதாவது 1,000 ரூபா சம்பளத்துக்கு 230 ரூபா நம் பெயரில் சேர்கிறது. நம் சம்பளத்தில் கழிவது அதில் 80 மட்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். கல்யாணத்தைக் காட்டிப் பெண்கள் முன்னமே எடுக்கவும் வழி உண்டு. அப்படி எடுத்துக் கல்யாணச் சாப்பாட்டுக்குச் செலவழித்த காசு இருபது வருஷம் அங்கேயே வட்டியோடு இருந்திருந்தால் எவ்வளவாகியிருக்கும் என்று மகளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு முடிவெடுங்கள். ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருஷச் சேவைக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்ற கணக்கு.

இவ்வளவு காலம் சேர்ந்த காசு கைக்கு வராமல் நின்றுபோவது பெரும்பாலும் பெயரால்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதின இன்னொரு பெயர். அப்பன் பெயரின் முதல் எழுத்துக்கூட மாறியிருக்கும். ஐம்பத்தைந்து வயதில் இதைத் திருத்த அலைவது பெரும்பாடு. கந்தோருக்கும் கச்சேரிக்கும் நடந்தே சில மாசம் போய்விடும். இப்போதே தொடங்கினால் அவசரமில்லாமல் திருத்தலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தகரப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதியிலிருந்து வந்த கணக்குக் காகிதம் நான்கையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். வேறுபாடு இருந்தால் எது எதில் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, நலன்புரி உத்தியோகத்தரிடம் கொண்டுபோங்கள். காகிதம் ஏதாவது இல்லை என்றால், எது இல்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். கணவன் மனைவி இரண்டு பேருடையதையும் பாருங்கள். வீட்டில் வேலைக்குப் போய் நின்றுவிட்ட பெரியவர்கள் இருந்தால் அவர்களுடையதையும் சேர்த்துப் பாருங்கள்.